நசுங்கிய காரும் பொருந்தாத மாப்பிள்ளையும்

சாமந்திப்பட்டிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரர்களிடம் போன் போட்டுக் கேட்டால், "நாங்க போனதே இல்லையே, இங்கயேதானே இருக்கோம்" என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனாலேயே அங்கே எந்த வேலையும் உருப்படியாக முடிவதில்லை.

அந்த ஊரில் காத்தமுத்து என்று ஒருவர். அவருக்கு ஒரே மகள், பூங்கோதை. பக்கத்து ஊரில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை அழகுராசன் சொந்த வேன் வைத்து முட்டை வியாபாரம் செய்கிறவர், தங்கமான பிள்ளை. அவருடைய அப்பாதான் கொஞ்சம் ஒரு மாதிரி. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தில் முந்திரி கம்மி என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர், அந்த வீட்டுப் பக்கம் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. அப்பேர்ப்பட்ட சம்பந்தி காத்தமுத்துவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வர வேண்டும், அது வாடகைக் காராக இருக்கக் கூடாது, பெண் வீட்டுச் சொந்தக் காராக இருக்க வேண்டும்.

காத்தமுத்து கொல்லை நிலத்தில் ஒரு துண்டை விற்றுப் பழைய வெள்ளை அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. அவருடைய மனைவியின் தம்பி சீனிச்சாமிக்குத் தெரியும், அதாவது முன்பக்கமாக மட்டும். மகளுக்கு அடுத்தபடியாகக் காத்தமுத்து உயிரை வைத்திருந்தது அந்தக் காரின் மேல்தான். கையில் துணி இல்லாவிட்டால் தோளில் கிடக்கும் துண்டாலேயே துடைப்பார்.

கல்யாணம் நெருங்கிய நேரம். ஒரு காலையில் வீட்டுக்குப் பக்கத்துப் புளியமரத்து நிழலில் காரை நிறுத்தும்படி சீனிச்சாமியிடம் சொல்லிவிட்டு, எதிரே இருந்த குழந்தைவேலுவின் சலூனுக்குள் நுழைந்தார் காத்தமுத்து. குழந்தைவேலு வலது கன்னத்தை முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்தார். கழுத்தில் கத்தி இருக்கிறது, என்ன நடந்தாலும் திரும்பாதீர்கள் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, வெளியே டமார் என்று ஒரு சத்தம். காத்தமுத்து திரும்பவில்லை.

வெளியே இருந்தவர்களும் பார்க்கவில்லை. சீனிச்சாமி டீக்கடையில் ஒரு வடையைக் கடித்துக்கொண்டு, அடுத்த வடை வெந்துவிட்டதா என்று எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர் பூவலிங்கம் சலூன் வாசல் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்து வேலையை நிதானமாக முடித்து, "இப்பத் திரும்பலாம்" என்று குழந்தைவேலு சொன்னபோது, இடித்த வண்டி அடுத்த ஊரைத் தாண்டியிருக்கும். காரின் பின்கதவில் ஒரு சொம்பு உட்காரும் அளவுக்கு நசுங்கியிருந்தது.

காத்தமுத்து அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்தார். அழாத குறை. முந்திரி குறைந்ததற்கே எழுந்து போன மனிதர், நசுங்கின காரைப் பார்த்தால் கல்யாணத்தையே நிறுத்திவிடுவாரே என்று மனசு பதறியது. சரிசெய்யக் கையில் காசும் இல்லை. இடித்தவனைப் பிடித்து நஷ்டஈடு வாங்கினால்தான் உண்டு.

சீனிச்சாமி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். ஏட்டு அந்தோணிராஜ் பந்தோபஸ்து வேலையில் இருந்தார். தான் வருகிற வரைக்கும் எதையும் தொடக்கூடாது, இடித்த நேரத்தில் என்னென்ன எப்படி இருந்ததோ எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், ஊரே கட்டுப்பட்டது. காத்தமுத்து மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வலது கன்னம் பளபளவென்றும் இடது கன்னம் நுரையோடும் இருந்தன. நுரை காயக் காயக் குழந்தைவேலு புதிதாகத் தடவினார். சீனிச்சாமி கடித்த வடையோடு நின்றார். ஞாபகமறதியில் மென்று விழுங்கிவிட்டால் இன்னொன்றை வாங்கிச் சரியாக அதே அளவுக்குக் கடித்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

பாவம், பூவலிங்கம் பாடுதான் திண்டாட்டம். அவர் இயல்பாகக் கண் விழித்து, சோம்பல் முறித்து எழுந்தார். மூன்று பேரும் பதறிப்போய் அவரை மறுபடி படுக்க வைத்தார்கள்.

"தூக்கம் வரலையேப்பா" என்றார் பூவலிங்கம்.

"சம்பவம் நடந்தப்ப வந்துச்சுல்ல? இப்ப மட்டும் ஏன் வராது?" என்றார் சீனிச்சாமி. "நீ முழிச்சிருந்தேன்னு தெரிஞ்சா, பார்த்தவன் ஏன் சொல்லலைன்னு உன்னைத்தான் உள்ள வைப்பாங்க."

பூவலிங்கம் உடனே குறட்டை விட ஆரம்பித்தார். காத்தமுத்துவின் மனைவி வள்ளிமயில் வந்து பார்த்து, பாதி முகத்தோடு உட்கார்ந்திருக்கும் புருஷனிடம் சாப்பாட்டுக்கு வரவில்லையா என்று கேட்டாள். இடித்த நேரத்தில் தனக்குப் பசி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

ஏட்டு மறுநாள் காலையில்தான் வந்தார். சலூனைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். சம்பவத்தை யார் பார்த்தது என்று கேட்டார். காருக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தவர் பூவலிங்கம்தான் என்று எல்லோரும் அவரைக் காட்டினார்கள். ஏட்டு தட்டி எழுப்பிக் கேட்டதற்கு, தான் கண்ட கனவைப் பூவலிங்கம் ஒன்றுவிடாமல் சொன்னார். அதில் கார் வரவில்லை.

"இங்க பாருங்கப்பா," என்றார் ஏட்டு, போகிற அவசரத்தில். "எந்த வண்டி இந்த நசுங்கலுக்குச் சரியாப் பொருந்துதோ அதுதான் இடிச்ச வண்டி. ரோட்டுல போற வர்ற வண்டியைக் கவனிங்க. ஆள் கிடைச்சா நஷ்டஈட்டைப் பேசி முடிச்சுக்கலாம்."

அவர் போனதும் குழந்தைவேலு கத்தியைத் தீட்டினார். ஏட்டு வரும்வரைக்கும்தானே அப்படியே இருக்கச் சொன்னார், வந்தாகிவிட்டதே என்றார். சீனிச்சாமி அவர் கையைப் பிடித்தார்.

"வந்தாரு, சரி. ஆனா போயிட்டாரே. போனவர் மறுபடி வரணும்ல? அப்ப இதுவும் அவர் வர்ற வரைக்கும்தானே?"

மறுக்க முடியாத நியாயம். காத்தமுத்து நுரையை மட்டும் துடைத்துக்கொண்டு, இடது கன்னத்துத் தாடியோடு எழுந்து வந்தார். பூவலிங்கத்துக்கு மட்டும், ஏட்டே எழுப்பியதால், விழித்திருக்க அனுமதி கிடைத்தது.

பிறகு பொருத்தம் பார்க்கும் வேலை தொடங்கியது. ரோட்டில் வருகிற வண்டியையெல்லாம் பூவலிங்கம் துண்டை வீசி நிறுத்துவார். காத்தமுத்து போய்க் கும்பிட்டு, பெண் கல்யாணத்தைச் சொல்லி, கொஞ்சம் பின்னால் வந்து பொருந்துகிறதா என்று காட்டிவிட்டுப் போகும்படி கெஞ்சுவார். பாதித் தாடியோடு ஒரு மனிதர் கண் கலங்கக் கேட்கும்போது யாருக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல மனசு வரும்? சீனிச்சாமி காருக்குப் பக்கத்தில் நின்று, "வரட்டும், வரட்டும், இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டுவார்.

முதலில் வந்தது பால் வண்டி. நசுங்கலுக்குள் நுழையவில்லை. கொஞ்சம் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தியதும் நுழைந்தது, ஆனால் இறுக்கமாக இருந்தது. இவர் இல்லை என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அடுத்து வந்த மினி பஸ்ஸும் இறுக்கம்தான். பயணிகள் எல்லோரும் இறங்கி நின்று, இடப்பக்கம் வா, வலப்பக்கம் வா என்று உதவி செய்தார்கள். ஒரு பெரியவர் தன் சைக்கிளையும் தானாகவே கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, மனச்சாட்சி சுத்தமானதில் நிம்மதியாகப் போனார்.

மத்தியானம் தண்ணீர் டேங்கர் மாட்டிய டிராக்டர் வந்தது. ஒரே அழுத்து. அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்திவிட்டது. டிராக்டர்காரருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அப்ப நான்தான் இடிச்சேன்னு சொல்றீங்களா?" என்றார்.

சீனிச்சாமி பள்ளத்தையும் டிராக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க இடிச்சீங்கதான், நாங்களே கண்ணால பார்த்தோம். ஆனா அது இன்னிக்கு. எங்களுக்கு வேண்டியது நேத்து இடிச்சவன். இன்னிக்கு இடிச்சவங்களோட எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல."

டிராக்டர்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்த வண்டிகளில் பொருந்தாதது ஒன்றுகூட இல்லை. நியாயமாகப் பார்த்தால் எல்லோருமே குற்றவாளிகள் என்றார் குழந்தைவேலு. எல்லோரும் இடித்திருந்தால் சத்தம் ஒரே தடவைதானே கேட்டது என்றார் பூவலிங்கம், தூங்கிக்கொண்டிருந்தவர். இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது காரின் பின்கதவு கழன்று கீழே விழுந்தது.

காத்தமுத்து அந்தக் கதவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் சொம்பு உட்காரும் அளவுக்கு இருந்த இடத்தில் இப்போது அண்டா உட்காரும். பெண்ணின் கல்யாணம் கண் முன்னாலேயே கைநழுவிப் போகிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. தாடி இருந்த கன்னம் கண்ணீரில் நனைந்தது. மற்ற கன்னத்தில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

அப்போதுதான் முட்டை வேன் ஒன்று மெதுவாக வந்து நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளை அழகுராசன். தலையைக் குனிந்துகொண்டு நேராக வந்தார்.

"மாமா, நேத்து உங்க காரை இடிச்சது நான்தான்."

அழகுராசன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். முட்டை இறக்க வந்தாராம். பூங்கோதை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாளாம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்ததில் இடித்துவிட்டதாம். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று பயந்து ஓடிவிட்டாராம். ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை, என்ன செலவானாலும் தருகிறேன் என்றார்.

வேறு ஊராக இருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். சீனிச்சாமி வேனைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றார். மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, தானே ஓட்டத் தெரியாத பின்பக்கமாக வேனை எடுத்தார். வேனின் பின்பக்கம் கதவு இருந்த இடத்துப் பள்ளத்துக்குள் போய், சுற்றிலும் இடம் விட்டு, தொளதொளவென்று நின்றது.

"பொருந்தலையே" என்றார் சீனிச்சாமி. "மாப்பிள்ளை, உங்க மனசு பெருசு. வண்டி சின்னது."

அழகுராசன் சத்தியம் செய்தார். காத்தமுத்துவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மாமனார் படுகிற கஷ்டத்தைப் பார்த்து, செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொள்கிற பிள்ளை எந்த வீட்டுக்குக் கிடைக்கும்? அதற்காக இடிக்காதவர் கையில் நஷ்டஈடு வாங்கினால் அது பாவம் இல்லையா? அழகுராசன் கெஞ்சக் கெஞ்ச, காத்தமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுத்தார். கடைசியில் சீனிச்சாமி ஏட்டுக்கே போன் போட்டார். ஒருவர் நான்தான் இடித்தேன் என்கிறார், வண்டி பொருந்தவில்லை, என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பக்கம் ஏட்டு கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"நேத்து என்ன செஞ்சாரோ அதை அப்படியே செஞ்சு காட்டச் சொல்லுய்யா."

மாப்பிள்ளை வேனில் ஏறினார். அப்படியே என்றால் பூங்கோதை மாடியில் துணி காயப் போட வேண்டுமே என்று பூவலிங்கம் ஞாபகப்படுத்தினார். வள்ளிமயில் காய்ந்து மடித்து வைத்திருந்த துணிகளை மறுபடி தண்ணீரில் முக்கிப் பிழிந்து கொடுத்தாள். பூங்கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடியேறினாள். காத்தமுத்து சலூனுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஓடினேனே, அதையுமா செய்யணும்?" என்று கேட்டார் அழகுராசன்.

"ஒண்ணு விடாம" என்றார் சீனிச்சாமி.

மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். பூங்கோதை ஒரு பாவாடையை உதறினாள். வேன் பின்னால் வந்தது, டமார் என்று இடித்தது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கண்ணுக்கு மறையும்வரை ஓடியது. இந்த ஊருக்கு மருமகனாக வர அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது.

"அவரேதான்" என்றார் குழந்தைவேலு. "அதே சத்தம்."

"சந்தேகமே இல்ல" என்றார் சீனிச்சாமி. "ஆள் சிக்கிட்டாரு மச்சான்."

எல்லோரும் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தார்கள். சம்பந்தி காதுக்கும் சேதி போனது. காரை நசுக்கியது தன் மகன்தான் என்று தெரிந்ததும் அந்த மனிதர் இறங்கி வந்தார். காரே வேண்டாம், மாப்பிள்ளை அவருடைய வேனிலேயே வந்துவிடுவார், கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார். காத்தமுத்து புளியமரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

ஆனால் நஷ்டஈடு என்று ஒன்று இருக்கிறதே. யாரிடம் கேட்பது? மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்றார் சீனிச்சாமி. நிச்சயம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு ஆகிற செலவெல்லாம் பெண் வீட்டார் தலையில். வேட்டி, சட்டை, செருப்பு என்று ஆகிறபோது இடித்த செலவு மட்டும் எப்படி விலகும்? ஆகவே கார்க்காரருக்கு நஷ்டஈடு தர வேண்டியவர் பெண்ணின் அப்பா. காத்தமுத்துவுக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது.

சலூனில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டுப் பஞ்சாயத்து கூடியது. சவரம் செய்த கன்னத்தைக் காட்டினால் பெண்ணின் அப்பா, தாடிக் கன்னத்தைக் காட்டினால் கார்க்காரர் என்று வைத்துக்கொண்டார்கள், குழப்பம் வரக் கூடாதல்லவா. காத்தமுத்து கார்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டு, எட்டாயிரத்தில் ஒரு பைசா குறைக்க முடியாது என்றார்.

எழுந்து எதிர் நாற்காலிக்குப் போனார். "கல்யாணத்தை வச்சுக்கிட்டு இருக்கேன். இந்த நேரத்துல எட்டாயிரம்னா நான் எங்க போவேன்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

மறுபடி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். முகம் இளகிவிட்டது. "அந்த ஆளைப் பார்த்தாலும் பாவமாத்தான் இருக்கு, சீனி. நானும் பொண்ணைப் பெத்தவன்தானே. ஐயாயிரம் குடுக்கச் சொல்லு, போதும்."

சீனிச்சாமி அந்தப் பெருந்தன்மையைச் சபைக்கு எடுத்துச் சொன்னார். பெண்ணின் அப்பா கல்யாணச் செலவுக்கென்று வைத்திருந்த ஐயாயிரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். கார்க்காரர் அதைக் கண்ணில் ஒற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். சட்டைப் பை காலியானதில் ஒருவருக்கு வருத்தம், மடி கனத்ததில் இன்னொருவருக்குச் சந்தோஷம். இரண்டும் ஒரே முகத்தில் வந்து போனதைப் பார்த்துப் பூவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் எழுந்தபோது கார்க்காரர் மட்டும் எழவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, மூவாயிரத்தை விட்டுக்கொடுத்த மனிதனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வைக்கவில்லையே என்றார். பெண்ணின் அப்பாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. வள்ளிமயிலையும் அழைத்துக்கொண்டு வந்து, பழம் வெற்றிலை பாக்கோடு முறையாகப் பத்திரிகை வைத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கார்க்காரர் சமாதானமாகி, கட்டாயம் வருவதாகச் சொன்னார். வள்ளிமயில் காலித் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை முட்டை வேனில் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினார், ஒரு முட்டைகூட உடையவில்லை. பாயசத்தில் முந்திரி தாராளம். காத்தமுத்து ஒரு கன்னத்தைக் காட்டி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். மற்ற கன்னத்தைக் காட்டி முதல் பந்தியிலேயே உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார். கை கழுவியவர், வெறுங்கையோடு போகக் கூடாது என்று மொய் எழுதுகிற இடத்துக்குப் போய், மடியிலிருந்த ஐயாயிரத்தையும் அப்படியே வைத்துவிட்டார். மொய் எழுதுகிறவர் மைக்கில் பேரைச் சொல்ல, பந்தலே திரும்பிப் பார்த்தது. சொந்த மாமன்கூட அவ்வளவு செய்யவில்லை.

பூங்கோதை புருஷன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். காத்தமுத்துதான் அன்றிலிருந்து நிம்மதி இல்லாமல் அலைகிறார். வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இருப்பது மரியாதை இல்லை. செய்யலாம் என்று பார்த்தால், அந்தக் கார்க்காரருக்குக் கட்டிக்கொடுக்க வேறு பெண் இல்லையாம்.